லூபோக் சீனாவில் போர் இல்லை

மலாயா, 1952. காலை ஏழே கால். லூபோக் சீனா சாலையோரம் எரிந்துபோன லாரி ஒன்று நிற்கிறது. காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் அதைக் கொளுத்தியிருக்கிறார்கள். ராணுவத்தினர் எங்கள் பஸ்ஸைச் சோதனைக்கு நிறுத்திவிட்டார்கள். எதிர்க் காப்பிக்கடையில் அந்த லாரியின் சொந்தக்காரர் முனியாண்டி கடைக்காரருக்குப் பாடம் நடத்துகிறார்.

“கம்பெனிக்காரன் கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“சண்டையில எரிஞ்சதுன்னு,” என்கிறார் கடைக்காரர்.

“கெடுத்தீங்களே மாமா. எமர்ஜென்சின்னு சொல்லுங்க லா.”

ஏன் என்று கேட்கிறேன்.

“போருன்னா இன்சூரன்ஸ் கிடைக்காது சார். வெள்ளைக்காரன் அதுக்குத்தானே இந்தப் பேரு வச்சான். காசு வரலன்னா நான் திரும்ப ரப்பர் மரம் சீவத்தான் போகணும்.”

நீருக்குள்ளிருந்து மேலெழுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது எமர்ஜென்சி. எதிர்பாராமல் வந்த நெருக்கடி என்று அகராதி பொருள் சொல்கிறது. இங்கே அது ஐந்தாவது ஆண்டாக எதிர்பாராமல் வந்துகொண்டிருக்கிறது.

மலைப்பக்கம் விமானம் குண்டு போடுகிறது. மேசைக் கோப்பைகள் அதிர்கின்றன.

“எமர்ஜென்சி,” என்கிறார் கடைக்காரர், யாரும் கேட்காமலே.

முனியாண்டி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுகிறார். லாரியைப் பார்வையிட இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் வந்துவிட்டார். அவர் காருக்கு முன்னால் ஒரு ராணுவக் கவச வண்டியும் பின்னால் ஒன்றும் வருகின்றன.