பினோ கரையிலிருந்து பார்த்த இடம்

பினோவை முதல் முறை பார்ப்பவர்கள் கோபக்காரி என்பார்கள். பத்தாவது முறை பார்ப்பவர்களும் அதையேதான் சொல்வார்கள். ஸ்பெயினின் லான்சரோத்தே தீவில் எங்கள் சின்னத் துறையில் மீன் எடை போடுகிறவன் நான். பதினெட்டு வருஷமாக அவளிடம் திட்டு வாங்குகிறேன், அதனால் தெரிந்துதான் சொல்கிறேன்.

அவள் கணவன் மார்சியாலுக்கு ஜனவரியில் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. கிளிமீன் பிடிப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அது கிடைக்கும் இடத்தை மட்டும் அவன் யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டியிடமும்தான். படகில் பாதி தம்பி ஹினேஸுடையது. ஹினேஸுக்கோ தனியாகப் பெரிய படகு உண்டு. இதை விற்க ஆள் பார்த்துவிட்டான்.

"அண்ணி, சனிக்கிழமை ஆள் வர்றான். கையெழுத்துப் போட்டுடுங்க."

"படகை நான் ஓட்டுறேன்."

"கருவாடு காயப்போடுறதும் கடலுக்குப் போறதும் ஒண்ணா அண்ணி?"

"சனிக்கிழமைக்குள்ள ஒரு கூடை கிளிமீன் கொண்டாரேன். இல்லன்னா வித்துக்கோ."

"முழுக் கூடை."

"பெரிய கூடையா நீயே எடுத்துட்டு வா. அப்புறம் சின்னக் கூடைன்னு சொல்லாத."

துடுப்பு அவளுக்குப் புதிதல்ல, மீனவன் மகள். ஆனால் அடுத்த நான்கு நாளும் அடியில் கண்ணாடி வைத்த வாளியைக் கடலில் அமிழ்த்திப் பார்த்தால் வெறும் கரும்பாறையும் மணலும்தான். எங்கள் ஆட்கள் விடுவார்களா?

"என்ன பினோ, இன்னிக்கும் கடலைக் கழுவிட்டுத்தான் வந்தியா?"

அவள் திட்டாததைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாகிவிட்டது. படகு போய்விடும் என்றே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் கடலுக்குப் போகவில்லை. கருவாட்டுக் கொடிக்கம்பத்தருகே வெகுநேரம் நின்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"முப்பது வருஷம் இங்க நின்னுதான் மீன் கீறினேன். நிமிந்து பாத்தா அந்தாளு படகு அந்தக் கவட்டைப் பாறைக்கு நேர் பின்னால நிக்கும். அதே நேரத்துல உப்புக் கொட்டகை மூலையிலேருந்து பாத்தா, குட்டித்தீவு ஓரத்தை ஒட்டி நிக்கும். அவரு கரையப் பாத்து அடையாளம் வச்சாரு. நான் அவரைப் பாத்து வச்சிருக்கேன்."

கம்பத்தில் வெள்ளை விரிப்பைக் கட்டினோம். கொட்டகை மூலைக்குச் சுண்ணாம்பு அடித்தோம். கடலிலிருந்து பார்க்கும்போது விரிப்பு பாறைக்கு நேராகவும், சுண்ணாம்பு மூலை தீவின் ஓரத்திலும் வரவேண்டும். இரண்டும் சேரும் இடம்தான் இடம். (பாறையின் பெயரை நான் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். கிளம்பி வந்துவிடாதீர்கள்.)

"நாளைக்குப் படகு அங்க போய் நின்னதும் விரிப்ப அவுத்துடு. மூலைல ஒரு சாக்கத் தொங்கவிடு, அடையாளம் யார் கண்ணுலயும் படக் கூடாது. வாயத் தொறந்தே, உப்புப் போட்டுக் காயவச்சிடுவேன்."

சனிக்கிழமை படகு அந்த இடத்தில் போய் நின்றது, நான் அவள் சொன்னபடி செய்தேன். மதியம் காற்று ஏறியபோது அவள் திரும்பினாள். எந்தப் படகு வந்தாலும் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து மேலே இழுப்பது வழக்கம். கேலி பேசியவர்களும் இழுத்தார்கள், ஹினேஸும் இழுத்தான். கூடை நிறைந்து, படகின் அடியிலும் சிவப்பும் சாம்பலுமாக மீன் கிடந்தது. நான் எடை போட்டேன். படகு வாங்க வந்தவன் காரில் ஏறிக்கொண்டான்.

ஹினேஸ் தொண்டையைச் செருமினான்.

"படகு உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணி. ஆனா... எங்க கிடைச்சுது?"

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கரையில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்த மார்சியாலும் நிமிர்ந்தான். பினோ கத்தியைத் துடைத்தாள்.

"வடக்க, செம்மண் முனைக்கு அந்தப் பக்கம்."

முப்பது வருஷமாக மார்சியால் எங்களுக்குச் சொல்லிவந்த அதே பொய். நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூச்சு முட்டுகிறதோ என்று நான் ஓடினேன். அவன் பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தான்.