சாந்தியின் சோட்டியைச் சுவரேற்றிய மாஸ்டர்

செவ்வாய்க்கிழமை நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது மனைவி சாந்தி குளியலறைக் கதவைத் தட்டி, "இஞ்சருங்கோ, மத்தேயோ மாஸ்டர் மோசம் போயிட்டாராம்," என்றாள். சாவுச் செய்தி கேட்டுப் பாதி முகத்தில் நுரையோடு வெளியே வந்தேன். பிறகு இருவரும் சிரிக்கத் தொடங்கினோம். அவரை அறிந்த பேர்லின் நொய்கெல்ன் பகுதிக்காரர்கள் இதைத் தவறாக எடுக்கமாட்டீர்கள். அந்த மனிதரை நினைத்தால் முதலில் வருவது சிரிப்புத்தான்.

மெக்சிக்கோ வேரும் கலிஃபோர்னியாப் பிறப்பும் கொண்ட அவர் தன்னைச் சிக்கானோ என்று சொல்லிக்கொள்வார். ஓவியர். எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் வந்தவர் எல்லோருக்கும் ஓவியம் கற்பித்தார். அவர் தலைமுடியில் கழுகு கூடு கட்டலாம். குரல் எழும்பினால் தரைக்கடியில் ஓடும் ரயில் நின்று கேட்கும். சாயத்தை மட்டும் நம்பாதவர். துணி, உடைந்த ஓடு, பஸ் டிக்கெட், எது கிடைத்தாலும் ஒட்டிவிடுவார். "சுவரில் ஆட்களின் படம் வேண்டாம், ஆட்களே வேண்டும்" என்பது அவருடைய வேதம்.

ஜேர்மனியில் மார்க் காசு போய் யூரோ வந்த புதிதில் கூடத்தின் பெரிய சுவரைக் கையில் எடுத்தார். துருக்கியர், அரபுக்காரர், ஜேர்மன் கிழவிகள் எல்லோரும் வீட்டுத் துணி கொடுத்து அவரவர் இடத்தை நிரப்பிவிட்டார்கள். நடுவில் தமிழர் எங்களுக்கென்று விட்ட இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. பழைய துணி கொண்டுவரச் சொன்னார், அதுதான் வில்லங்கம். படிப்பிக்கிற மனிதருக்குப் பழசைக் கொடுப்பதா? சாந்தி பெட்டியைத் திறந்து, மடிப்புக் கலையாத பட்டுச் சேலையைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினாள்.

மாஸ்டர் அதை முகர்ந்து பார்த்தார். "இது இன்னும் வாழவில்லை," என்று ஜேர்மன் மொழியில் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அகிலம் போற்றும் மொழிபெயர்ப்பாளனாகிய நான் ஒரு சொல் குறையாமல் அதைத் தமிழில் சொன்னேன்.

"குடுத்ததைத் திருப்பித் தாறவர் இனி இந்த வாசல் மிதிக்கப்படாது," என்றாள் சாந்தி. "நீங்களும் அங்கை போகேலாது."

அதன்பின் ஒரு தமிழ்ப் பெண்ணும் வகுப்புக்குப் போகவில்லை. திறப்புவிழா நெருங்கியது. ஊர் முழுக்கச் சுவரில் இருக்கும். நாங்கள் மட்டும் வெறும் சுண்ணாம்பாக நிற்போம்.

ஒருநாள் மாஸ்டரே வந்து மணியடித்தார். சாந்தி கதவைப் பாதிதான் திறந்தாள். அவர் பையிலிருந்து வெயிலில் வெளுத்த ஒரு சட்டையை எடுத்தார். தோளில் ஒட்டுப் போட்டிருந்தது.

"என் அப்பாவுடையது. திராட்சைத் தோட்டத்தில் கூலி. இதை வெட்டி உங்கள் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டப்போகிறேன். இது அங்கே தனியாக இருக்கும்."

நான் மொழிபெயர்த்தேன். சாந்தி அந்த ஒட்டைத் தடவினாள்.

"ஆர் தைச்சது?"

"அம்மாவாம்."

"நல்ல தையல். தேப்பன்ரை உடுப்பை வெட்டுறதோ, விசர் மனுசன்?"

உள்ளே போனவள் தன் சோட்டியோடு வந்தாள். சமைக்கும்போதும் கூட்டும்போதும் போடுகிற வீட்டுச் சட்டை. மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையுமாக அதில் ஏழு கண்டங்களையும் காணலாம். தபால்காரன் மணியடித்தாலே அதை மாற்றிவிட்டுத்தான் கதவு திறப்பவள் அவள்.

"இது காணுமோ எண்டு கேளுங்கோ."

கேட்கத் தேவைப்படவில்லை. மாஸ்டர் இரண்டு கையாலும் வாங்கி, "ஓம், ஓம்," என்றார். அடுத்தநாள் மற்றப் பெண்களும் சோட்டிகளோடு கூடத்தில் நின்றார்கள். பேர்லின் மதில் விழுந்தபோதும் அவ்வளவு சனம் கூடியிருக்காது.

விழாவில் சாந்தி முன்பின் தெரியாத ஜேர்மன்காரர்களைக் கையில் பிடித்து இழுத்து வந்து, "அது என்ரை," என்று காட்டினாள். படத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோது மாஸ்டர் மறுத்துவிட்டார். "இந்தத் துணிகளில் வேர்த்தது நானா?"

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு துணிவு. இப்போது வீட்டுக்கு எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் அலுமாரியிலிருந்து புதுக் கோப்பை இறங்குவதில்லை. நாங்கள் தினமும் குடிக்கிற, விளிம்பு உடைந்த கோப்பையில்தான் தேநீர். சாந்தி சோட்டியோடு வந்து ஊற்றுகிறாள். மாற்றிக்கொண்டு வா என்று நான் சொல்வதில்லை.