நட்சத்திரத்தின் கறுத்த கை

என் அண்ணியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. பல்லிக்குப் பயம், லிப்டுக்குப் பயம், தெரியாத எண்ணிலிருந்து வரும் போனுக்குப் பயம். வாசல் மணி அடித்தால் முதலில் நெஞ்சில் கை வைத்துக்கொள்வாள், பிறகுதான் கதவைத் திறப்பாள். அண்ணன் வீட்டுக்கு வரக் கொஞ்சம் தாமதமானால், எந்த ஆஸ்பத்திரிக்கு முதலில் போன் போடுவது என்று என்னிடம் யோசனை கேட்பாள். இப்படிப்பட்டவள் பார்க்கும் வேலை, டாட்டூ போடுவது. நாள் முழுக்க அடுத்தவர் உடம்பில் ஊசி இறக்குகிறவளுக்கு, தனக்கு ஒரு ஊசி என்றால் கண் இருட்டிவிடும். அவள் உடம்பில் ஒரு புள்ளி மை கிடையாது. "எங்களுக்கெல்லாம் போடுறீங்களே, உங்களுக்கு ஒண்ணு போட்டுக்கலையா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். "முடி வெட்டுறவர் தனக்குத் தானேவா வெட்டிக்கிறார்?" என்று சமாளிப்பாள். அவர்களும் நம்பிவிட்டுப் போவார்கள்.

நான் அவளுக்கு நேர் எதிர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பிரேக் எது, ஆக்ஸிலேட்டர் எது என்று தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பிழைக்கிறவளுக்குப் பயமெல்லாம் கட்டுப்படியாகாது. அண்ணியைச் சீண்டுவது எனக்குப் பொழுதுபோக்கு. "அண்ணி, உங்க பின்னாடி பல்லி" என்று சொல்லிவிட்டு அவள் குதிப்பதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். அண்ணன் திட்டுவான். அண்ணி ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை.

அவள் தொழில் பழகிய புதிதில் தோல் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. நான்தான் என் முதுகைக் கொடுத்தேன். வலது தோள்பட்டையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஐந்து முனை நட்சத்திரம். அந்தக் காலத்து மாலுமிகள் போட்டுக்கொண்ட பாணி அது. நங்கூரம், குருவி, கத்தி பாய்ந்த இதயம், கப்பல், பாம்பு என்று ஒரு தினுசு. தடித்த கறுப்புக் கோடு, இரண்டு மூன்று வர்ணம், அவ்வளவுதான். அண்ணிக்கு அதன்மேல்தான் உயிர். என் நட்சத்திரத்தின் ஒவ்வொரு முனைக்கும் நடுவில் ஒரு கோடு ஓடும். கோட்டுக்கு இந்தப் பக்கம் முழுக் கறுப்பு, அந்தப் பக்கம் வெறும் தோல். கோடு இம்மி பிசகினாலும் நட்சத்திரம் நொண்டும்.

அங்கே எனக்குக் கடுகளவு ஒரு மச்சம் இருந்தது. மச்சத்தின்மேல் ஊசி படக்கூடாது என்பது அவர்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு. அண்ணி படத்தையே கொஞ்சம் திருப்பிவைத்து, மச்சம் ஒரு முனையின் வெறும் பக்கத்தில், கோட்டை ஒட்டி வரும்படி செய்துவிட்டுத்தான் ஊசியைத் தொட்டாள். போட்டு முடிக்கும்வரை அவள் கை நடுங்கவில்லை. முடித்ததும் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். அதையும் நான் பல வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

சீட்டுக்கட்டு போடும் யோசனை அவளுக்குப் போன வருடம் வந்தது. டாரோ சீட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். எழுபத்தெட்டு சீட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு படம், குலுக்கி எடுத்து வாழ்க்கையில் என்ன நடக்கும் என்று சொல்வார்கள். அந்தப் படங்களை எல்லாம் பழைய மாலுமி டாட்டூ பாணியில் வரைந்தால் என்ன என்று கேட்டாள். சீட்டுக்குப் பயந்தவள் சீட்டு போடுகிறாளே என்று நான் கேலி செய்தேன். ஆனாலும் அந்த வேலையை அவள் செய்த விதம் இருக்கிறதே, அது வேறு யாருக்கும் தோன்றாது. நல்ல சீட்டுகளுக்கெல்லாம் நிஜ மனிதர்களின் உடம்பில் இருக்கும் டாட்டூவைத்தான் எடுத்துக்கொண்டாள். பேக்கரிக்காரர் கையிலிருந்த சூரியன், அண்ணன் மார்பிலிருந்த கப்பல், செவிலியர் ஒருத்தியின் கழுத்துக் குருவி. கெட்ட சீட்டுகளுக்கு ஆளே கிடையாது. மரணம், இடிந்து விழும் கோபுரம், தலைகீழாய்த் தொங்குகிறவன் எல்லாம் கற்பனையில் வரைந்தவை. "யார் தோலையாவது பார்த்து வரைஞ்சு, அவங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?" என்றாள். மரணச் சீட்டை வரையும்போது மட்டும் கடைக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டாள்.

எனக்குக் கிடைத்தது நட்சத்திரம். அந்தக் கட்டிலேயே நம்பிக்கையைக் குறிக்கும் சீட்டு அதுதான் என்று சொன்னாள். சமையலறை விளக்கடியில் என்னைத் திரும்பி நிற்கவைத்து அண்ணன் போட்டோ எடுத்தான். மற்றவர்கள் போட்டோவைப் போலவே இதையும் கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்றி, அச்செடுத்து, அதன்மேல் மெல்லிய தாளை வைத்து மையால் கோடு இழுத்தாள். அடுத்தவர்கள் போட்ட டாட்டூவில் கோணல் இருந்தால் வரையும்போது நிமிர்த்திவிடுவாள். என் நட்சத்திரத்தை நிமிர்த்தவில்லை. தன் கோடு பிசகாது என்று அவளுக்கு ஒரு கர்வம். உலகத்தில் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவளுக்கு அந்த ஒன்றில் மட்டும் பயமே கிடையாது. இருந்ததை இருந்தபடி வரைந்தாள், அச்சுக்கு அனுப்பினாள்.

கட்டு நன்றாகவே விற்றது. சீட்டு பார்க்கிற அம்மா ஒருவர், நாங்கள் ஜோசிய மேடம் என்று கூப்பிடுவோம், இரண்டு கட்டு வாங்கிப் போனார். ஒரு மத்தியானம் அவர் கடைக்குத் திரும்பி வந்தார். நானும் அப்போது அங்கே பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன்.

"நட்சத்திரத்தோட ஒரு கை மட்டும் கறுத்து வழிஞ்சிருக்கேம்மா. பார்க்க வர்றவங்க இதைப் பார்த்துப் பயந்துபோறாங்க. அச்சுல தப்பா, இல்ல வேணும்னே வரைஞ்சதா?" என்றார்.

அண்ணி சீட்டை வாங்கிப் பார்த்தாள். ஒரு முனையின் நடுக்கோடு வளைந்து, கறுப்பு அந்தப் பக்கத்து வெள்ளைக்குள் கால்வாசி ஏறியிருந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"பாருங்க, நம்ம அண்ணிக்குக் கெட்ட காலம் ஆரம்பிச்சாச்சு" என்று நான் சிரித்தேன். மேடமும் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பிவிட்டேன்.

நான் போன பிறகு அவள் தன் கோட்டை அச்சோடும், அச்சைப் போட்டோவோடும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். வரைந்ததில் தப்பில்லை. பிறகு அந்தப் போட்டோவின் கறுப்பு வெள்ளையை நீக்கி, வர்ணத்தோடு பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள்.

நான் மைதானத்தில் ஒரு வங்கிக்காரருக்கு வண்டியைத் திருப்பச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சாலையைக் கடக்கவே என் கையைப் பிடித்துக்கொள்ளும் அண்ணி, ஓடிவந்து காருக்கு முன்னால் நின்றாள். வங்கிக்காரர் பதறி ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார். என் பக்கத்து பிரேக்கை நான் மிதித்த மிதியில் வண்டி குலுங்கி அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"பைத்தியமா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"இறங்கு. முதுகைக் காட்டு."

கூம்புகளும் பழைய டயர்களும் கிடக்கும் சாமான் அறைக்குள் என்னைத் தள்ளிக் கதவைச் சாத்தினாள். சட்டையை இறக்கி, போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். அவள் மூச்சு என் தோளில் பட்டது.

"மை பரவியிருக்கும் அண்ணி. இதுக்குப் போயா?"

"மை பரவினா போட்ட வாரமே பரவும். ஆறு வருஷம் கழிச்சுப் பரவாது" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "என் கறுப்பு நீலம் கலந்து மங்கியிருக்கு. இது பழுப்பா இருக்கு, ஓரம் பிச்சுப்பிச்சு இருக்கு. இது நான் போட்ட மை இல்லம்மா. இது அந்த மச்சம்."

என் முதுகில், என் கண் எட்டாத இடத்தில், ஏதோ ஒன்று அவள் போட்ட கறுப்பை ஒட்டிப் பதுங்கி வளர்ந்திருக்கிறது. நான் அதோடு சாப்பிட்டிருக்கிறேன், தூங்கியிருக்கிறேன், பல்லி என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். அதையும் சேர்த்து அச்சடித்து, பெட்டி பெட்டியாகக் கட்டி, என் கையாலேயே தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

தோல் டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து போய், இன்னொரு டாக்டரை அழைத்து வந்தார். அந்த வாரமே வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள்.

"கூட வந்தவங்க வெளிய உட்காரலாம்" என்றார் டாக்டர், வெட்டும் நாளில்.

"நான் நிக்கிறேன்" என்றாள் அண்ணி. அவளா இப்படிச் சொல்கிறாள் என்று குப்புறப் படுத்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்தேன்.

"டாட்டூ கொஞ்சம் போயிடும். பரவாயில்லையா?"

"எவ்வளவு வேணுமோ எடுங்க டாக்டர். அது என் படம்தான், நானே சொல்றேன். தாராளமா எடுங்க."

மரத்துப்போகும் ஊசி இறங்கும்போது அவள் என் கையைப் பிடித்திருந்தாள். தையல் முடியும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தாள். நடைபாதைக்கு வந்ததும் தண்ணீர் இயந்திரத்தின் பக்கத்தில் அப்படியே மயங்கிச் சரிந்தாள். தோளில் கட்டோடு நான்தான் அவளுக்கு முகத்தில் தண்ணீர் தெளித்தேன். நோயாளி யார் என்று செவிலியருக்கே குழப்பம்.

முடிவு வரும்வரை இருந்த நாட்களைப் பற்றிப் பேச எனக்குப் பிடிக்கவில்லை. கற்றுக்கொள்ள வந்தவர்கள்மேல் எரிந்து விழுந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. குளிக்கும்போது உடம்பில் இருக்கும் மற்ற மச்சங்களை எண்ணத் தொடங்கி, பாதியில் அழுதுவிட்டு நிறுத்தினேன். யார் என்ன சொன்னாலும் காதில் ஏறவில்லை. அண்ணன் மட்டும் "ஒண்ணும் இருக்காது, ஒண்ணும் இருக்காது" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவனைப் பார்க்கவே எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஒரு சாயங்காலம் கடையில் அண்ணி ஊசிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கேட்டுவிட்டேன்.

"அண்ணி, நான் செத்துப்போயிடுவேனா?"

அவள் கையுறையைக் கழற்றினாள்.

"தெரியல. எனக்கும் பயமாத்தான் இருக்கு. இப்படி வந்து உட்காரு. நான் பயப்படும்போது பக்கத்துல ஆள் இருந்தா கொஞ்சம் தேவலை. உனக்கு அது தெரியாது, நீ பயந்தே பழக்கமில்ல."

அவள் நாற்காலியிலேயே பாதி இடம் விட்டாள். நான் போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். அந்த நாட்களில் எனக்கு ஆறுதலாக இருந்த ஒரே பேச்சு அதுதான்.

புற்றுநோய்தான். ஆனால் மேலாகவே இருந்திருக்கிறது, ஆழத்துக்கு இறங்கவில்லை என்றார் டாக்டர். சுற்றி இன்னும் கொஞ்சம் தோலை எடுத்தார்கள். நட்சத்திரத்தில் இப்போது மூன்று முனைதான் மிச்சம். இன்னும் சில மாதம் கழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. அண்ணி கேட்டாள். அவர் சொன்ன பதிலை அவள் இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

அடுத்த அச்சில் நட்சத்திரத்தின் கோட்டை நிமிர்த்திவிட்டாள். முதல் அச்சில் போனவை போனவைதான். முகம் தெரியாத யார் யாரோ என் நோயை மேசையில் விரித்து வைத்து, நல்ல காலம் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். நினைத்தால் இன்னமும் உடம்பு சிலிர்க்கிறது.

மாதம் ஒரு முறை வீட்டிலேயே உடம்பு முழுவதையும் பார்க்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. பார்ப்பது அண்ணிதான். காலையில் கடை திறக்கும் முன், உள் அறை ஜன்னல் பக்கம் என்னைத் திருப்பி நிறுத்துவாள். கழுத்தில் தொடங்கிக் குதிகால்வரை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பாள். முடிந்ததும் "சட்டையைப் போட்டுக்கோ" என்பாள். அது காதில் விழும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன்.

இந்த மாதம் இடுப்புக்கு மேலே ஓர் இடத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணி?"

விளக்கை இழுத்து இன்னும் கிட்டத்தில் வைத்தாள். அதன் சூடு என் முதுகில் ஏறியது.

"அண்ணி, ஏதாவது இருக்கா? சொல்லுங்க."

"இரு. அவசரப்படுத்தாத. இன்னொரு தடவை பார்க்கிறேன்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் இறங்கிப் போய்த் திட்டியிருப்பேன்.

"நிதானமா பாருங்க அண்ணி" என்றேன்.

அவள் பார்த்தாள். ஒரு பஞ்சை நனைத்து அந்த இடத்தைத் துடைத்தாள். மறுபடி பார்த்தாள்.

"கொசுக்கடி" என்றாள். "சட்டையைப் போட்டுக்கோ."

போட்டுக்கொள்ள முடியவில்லை, விரல்கள் அப்படி நடுங்கின. அண்ணி என்னைத் தன் பக்கம் திருப்பி, கீழிருந்து ஒவ்வொன்றாகப் பொத்தானைப் போட்டுவிட்டாள். அவள் கை நடுங்கவே இல்லை.