தானா சேர்ந்த டிஸ்க்குகள்

என் வீட்டுக்காரருக்கு ஒரு ஸ்கேன் சென்டர்ல வேலை. வேலைன்னா, அங்க இருக்கிற கம்ப்யூட்டரோட நாலு டிஸ்க்கைச் சேர்த்துவைக்கிறது. ஜனங்களோட எலும்பு, நுரையீரல் படமெல்லாம் அந்த நாலுலயும் பிரிஞ்சு கிடக்கும். மெஷின் நாலையும் ஒரே டிஸ்க்கா நினைக்கணுமாம், அப்பத்தான் ஒண்ணு கெட்டாலும் படம் தப்பிக்குமாம். நல்ல ஏற்பாடுதான். ஆனா ஓனர் டாக்டர் கரண்ட் பில்லுக்குப் பயந்து தினம் சாயங்காலம் மெஷினை அணைச்சிடுவார். காலையில ஆன் பண்ணினா, நாலும் சண்டை போட்ட ஓரகத்திங்க மாதிரி ஆளுக்கொரு பக்கம் முறைச்சுக்கிட்டு நிக்கும். இவர் போய் ஒரு வரி டைப் பண்ணினாத்தான் ஒண்ணு சேரும்.

அதனால இந்த மனுஷனுக்கு லீவே கிடையாது. காய்ச்சல்ல போர்வையைப் போர்த்திக்கிட்டுப் போயிருக்கார். எங்க கல்யாணத்தன்னைக்கே, பொண்ணு நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்க, மாப்பிள்ளை போய் டைப் பண்ணிட்டு வந்தார். நான் கடலையே பார்த்ததில்ல. கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம்.

போன மாசம் பொறுமை போயிடுச்சு. "அந்த வரியை மெஷினே போட்டுக்காதா?"ன்னு கத்தினேன்.

"போட்டுக்கும். ஒரு ஃபைல்ல விவரத்தை எழுதிவச்சா, ஆன் ஆகும்போதே அதுவா சேர்த்துக்கும்"னார், சாவகாசமா.

அடப் பாவி மனுஷா! கையோட சென்டருக்கு இழுத்துட்டுப் போனேன். எழுதினார். அணைச்சு ஆன் பண்ணினார். நாலும் சமத்தா சேர்ந்துச்சு. இவர் மூஞ்சிதான் தொங்கிப்போச்சு. டாக்டர்கிட்ட "காலையில ஆன் மட்டும் பண்ணுங்க, மத்ததை நான் வந்து பார்த்துக்கிறேன்"னு சொல்லிட்டு ஒருவழியா கிளம்பினார்.

மறுநாள் காலையில கடல்ல காலை நனைச்சுக்கிட்டு நிக்கிறோம், டாக்டர்கிட்டேருந்து போன். இவர் ஸ்பீக்கர்ல போட்டார்.

"நீங்க இல்லாமலே அது தானா எல்லாத்தையும் சேர்த்துக்கிச்சு! நர்ஸெல்லாம் பயந்துட்டாங்க. அணைச்சு, ரூமைப் பூட்டிட்டு வெளிய நிக்கிறோம். உடனே வாங்க!"

இவர் முகத்துல அப்படியொரு சந்தோஷம். கரைக்கு ஓடி, செருப்பைக் கையில எடுத்துட்டார். நான் போனைப் பிடுங்கினேன்.

"டாக்டர், தானாத்தான் சேரணும். ஆன் பண்ணிட்டுப் பேசாம இருங்க."

"அப்படியா? அப்போ அவர் எதுக்கும்மா?"

இவர் செருப்பும் கையுமா அப்படியே நின்னுட்டார். இத்தனை வருஷமா இந்தக் கேள்விக்குத்தான் பயந்திருக்கார்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது.

"எனக்கு வேணும் டாக்டர்!"னு கத்தினேன். குளிச்சுக்கிட்டிருந்தவங்கெல்லாம் திரும்பிப் பார்த்தாங்க.

இவர் செருப்பைக் கீழே போட்டார்.