கொஞ்சம் அடிச்சவை

போன செவ்வாய்க்கிழமை ஓர் அகதி விசாரணைக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். விசாரிக்கப்பட்டவர் இலங்கையில் நடந்த ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இங்கே சுவிஸுக்கு வந்தவர். டாவோஸில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவுகிறார். ரவி என்று வைத்துக்கொள்வோமே.

எதிரே அதிகாரி. பக்கத்தில் டைப்ரைட்டரோடு ஓர் இளம்பெண்.

"இராணுவ முகாமில் உங்களை என்ன செய்தார்கள்?" என்று கேட்டார் அதிகாரி.

ரவி சிரித்தார். "பெரிசா ஒண்டும் இல்லை. கொஞ்சம் அடிச்சவை."

எனக்குப் பகீர் என்றது. இருந்தும் அப்படியே ஜெர்மனில் சொன்னேன். வேறென்ன செய்ய? ஒரு சொல் கூட்டிச் சொன்னாலும் என் வேலை போய்விடும். கொஞ்சம் அடித்ததற்கெல்லாம் இங்கே புகலிடம் தரமாட்டார்கள்... ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் மறுபடி அதே முகாம்தான்.

ஐரோப்பிய நாடுகள் பல கூடி, தங்கள் ஒன்றியத்துக்கு ஓர் அரசியலமைப்பு வரைகிறார்களாம் — அடிப்படை உரிமைகளோடு. பேப்பரில் படித்தேன். சுவிஸ் அதில் இல்லை. இது சட்டென்று யாரோடும் சேருகிற நாடா என்ன? ஆனால் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. எவரையும் வதைக்கக்கூடாது என்கிறது அந்த ஒப்பந்தம். இங்கே நியாயம் கிடைக்காவிட்டால் ஒரு தனி ஆள் ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள மனித உரிமை மன்றம் வரை போய் ஒரு நாட்டையே கேள்வி கேட்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ஆளே ஒன்றும் நடக்கவில்லை என்றால்?

விசாரணை முடிவில் எழுதியதை எல்லாம் நான் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். பிறகுதான் கையெழுத்து. 'கொஞ்சம் அடித்தார்கள்' என்ற இடம் வந்ததும் வேண்டுமென்றே மெதுவாக வாசித்தேன்.

"ஏதும் திருத்த வேண்டுமா?" என்றார் அதிகாரி.

ரவி பேனாவைக் கீழே வைத்தார். முகம் கறுத்துவிட்டது.

"ஓம். ஆனா அண்ணை, அந்தப் பிள்ளை இருக்கேக்க எப்பிடிச் சொல்லுறது?"

அப்போதுதான் உறைத்தது. சில சங்கதிகளை எங்கள் ஆண்கள் ஒரு பெண்ணுக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். உயிரே போனாலும் சிரித்து மழுப்பிவிடுவார்கள்.

மொழிபெயர்த்தேன். அதிகாரி ரவியைப் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். அவளை வெளியே அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டால்?

பிறகு அந்தப் பெண்ணிடம் மெல்ல ஏதோ சொன்னார். அவள் எழுந்து வெளியே போனாள். அதிகாரியே டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு விரலால் தட்டத் தொடங்கினார்.

ரவி சொன்னார். இந்த முறை சிரிக்கவில்லை. மொழிபெயர்க்கும்போது நான்தான் இரண்டு தடவை நிறுத்தித் தண்ணீர் குடித்தேன்.

முடிவு இன்னும் வரவில்லை. அரசியலமைப்பு எழுதுகிற பெரியவர்களே, உரிமைகளைத் தாராளமாக எழுதுங்கள். அவற்றைக் கேட்கிற அறையில் யார் இருக்கலாம், யார் இருக்கக்கூடாது என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ரவி அப்படி என்னதான் சொன்னார் என்கிறீர்களா? மன்னியுங்கள்... இந்தப் பத்திரிகைப் பத்தியைப் பெண்களும் படிக்கிறார்கள்.