துப்பாமல் விழுங்கிய காப்பி

என் தங்கச்சி காப்பிக்கொட்டை வறுக்கும் தொழிற்சாலையில் ருசி பார்ப்பவள். பதினெட்டு வருட வேலை. மேசையில் வரிசையாக நாற்பது கோப்பை இருக்கும். கரண்டியில் எடுத்து உறிஞ்சி, வாயில் சுழற்றி, பக்கத்துத் தொட்டியில் துப்ப வேண்டும். மூட்டையில் நாலு கொட்டை பூசணம் பிடித்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் அங்கே அவளுக்கு மூக்காயி என்று பட்டப்பெயர். எனக்கு அதில் பெருமைதான்.

அவள் மட்டும் துப்ப மாட்டாள். ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு மடக்கு விழுங்குவாள். கேட்டால், "துப்பினா பாதிதான் தெரியும்க்கா. மீதி தொண்டையிலதான் இருக்கு" என்பாள். அத்தனை குடித்தும், படுத்தால் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவாள்.

போன வருடம் சிறுநீரில் கிருமி என்று காய்ச்சல் வந்தது. டாக்டர் ஏழு நாளைக்கு சிப்ரோபிளாக்சசின் மாத்திரை எழுதினார். வேறு மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்டார், இல்லை என்றாள். காப்பியை மருந்தென்று யார் சொல்வார்கள்? காலை எட்டு, இரவு எட்டு என்று ஒரு வேளை தவறாமல் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். டப்பாவுக்குள் மடித்திருந்த மருந்து விவரத் தாளைப் பிரிக்கவில்லை.

இரண்டாம் நாளிலிருந்து தூக்கம் போனது. நெஞ்சு படபடத்தது. காய்ச்சலின் அசதி என்று நினைத்தோம். லீவு போடு என்றேன். புதுச் சரக்கு வந்திருக்கிறது, தான் பார்க்காமல் வறுக்கப் போகக் கூடாது என்றாள். நான்காம் நாள் கரண்டி கோப்பை விளிம்பில் தடதடத்தது. "என்ன மூக்காயி, தாளம் போடறே?" என்று கொட்டை வறுப்பவர் கேட்டாராம். "நீங்க வறுத்ததைக் குடிச்சா நடுங்காம என்ன செய்யும்?" என்றாளாம். முப்பத்தொன்றாவது கோப்பையில் கைகால் வெட்டி இழுத்து, மல்லாந்து விழுந்தாள். பின்மண்டை சிமெண்ட் தரையில் அடித்தது.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் விவரமாகச் சொன்னார். காப்பியில் உள்ள கஃபீனை உடைத்து வெளியேற்றுவது ஈரல். அந்த மாத்திரை ஈரலின் கையைக் கட்டிவிடுமாம். ஒரு நாள் விழுங்கியது போய் முடியும் முன்னே மறுநாளையது வந்து சேர்ந்திருக்கிறது. போதாததற்கு, சிலருக்கு வலிப்பு வர அந்த மாத்திரையே இடம் கொடுக்குமாம். வீட்டுக்கு வந்து தாளைப் பிரித்தேன். இந்த மாத்திரையோடு காப்பியைக் குறைக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது.

உயிர் பிழைத்தாள். விழுந்த அடியில் வாசனை தெரிவது நின்றுபோனது. ஒரு நாள் அடுப்பில் பால் அடிப்பிடித்து வீடெல்லாம் நாறியது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் ஓடி வந்ததைப் பார்த்துத்தான், "தீயுதாக்கா?" என்றாள்.

இப்போது மூட்டைக்கு லேபிள் ஒட்டும் பிரிவில் இருக்கிறாள். மூக்காயி என்று யாரும் கூப்பிடுவதில்லை. பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.