சூட்கேஸ் கட்டிய நீலக் கம்பி

லாவோஸ் பயணப் படங்களை இணையத்தில் ஏன் போடவில்லை என்று கேட்கிறீர்கள். போடப் பிடிக்கவில்லை.

என் மகள் நித்யாவுக்கு ஒன்பது வயது. சாவோலா என்றொரு காட்டு விலங்கு 1992இல்தான் உலகத்துக்கே தெரிய வந்ததாம். அது வாழும் மலையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில் ஹார்ட் டிஸ்க் டெஸ்ட் பண்ணும் எனக்கும் லீவு மிச்சம் இருந்தது. 2000 டிசம்பரில் கிளம்பினோம்.

பாங்காக் வழியாக லாவோஸ் தலைநகர் வியந்தியான். அங்கிருந்து மலையடிவார ஊரான லக் சாவ் சுமார் 330 கிலோமீட்டர். வாடகை பிக்கப், டிரைவரோடு நாளுக்கு அறுபது டாலர். ஒன்பது மணி நேரம் முதுகு ஒடிந்தது. லாவோஸுக்கும் வியட்நாமுக்கும் நடுவே நிற்கும் அன்னமைட் மலைத்தொடர் அங்கே கண்ணெதிரே எழுகிறது. கீழே சுண்ணாம்புப் பாறை, மேலே ஈரம் காயாத காடு.

நம் ஆட்கள் சூட்கேஸைக் கட்டாமல் விமானம் ஏறுவார்களா? ஒருமுறை சென்னையில் என் பெட்டி வாய் பிளந்து மானம் போனது. அதிலிருந்து நைலான் கயிற்றை நம்பாமல், நீல பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்டீல் கம்பியால் நாலு சுற்றுச் சுற்றுவேன். லக் சாவில் பெட்டியைப் பிரித்தபோது, எங்கள் வழிகாட்டி பூன்மி அந்தக் கம்பியை ஆசையாகத் தடவினார்.

"பாவம், அவருக்கே குடுத்துடுங்களேன். எதுக்காவது யூஸ் பண்ணிப்பார்" என்றாள் என் மனைவி சுதா. பெரிய வள்ளல் மாதிரி கொடுத்தேன்.

மூன்று நாள் மழை. அறையிலேயே முடங்கினோம். நாலாம் நாள் காலை பூன்மியோடு மலையேறினோம். இரண்டு மணி நேரம் நடந்ததும் அவர் பாதையை விட்டுப் புதருக்குள் போனார். நித்யா பின்னாலேயே ஓடினாள். அங்கே பெருங்கொம்புக் கேளையாடு ஒன்று செத்துக் கிடந்தது. இந்த மலைகளில் மட்டுமே மிஞ்சியிருக்கும் மான் அது. கண்ணி அதன் காலை எலும்பு வரை அறுத்திருந்தது.

"அப்பா, தட்ஸ் நம்ம கேபிள்" என்றாள் நித்யா, காலில் இறுகிய நீலக் கம்பியைக் காட்டி.

பூன்மி தன் அரைகுறை ஆங்கிலத்தில் சந்தோஷமாகச் சொன்னார்: "நல்ல கம்பி சார். கயிறுன்னா கடிச்சு அறுத்துட்டு ஓடிடும். ரொம்ப தேங்க்ஸ்."

அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? காட்டு இறைச்சியை வியாபாரி வீடு தேடி வந்து வாங்கிக்கொள்கிறான். அவர் எதையும் ஒளிக்கவில்லை. என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. சாவோலாவைத் தேடாமலே திரும்பினோம்.

போகிறவர்களுக்கு: மழைக்கோட்டு, அட்டைப்பூச்சிக்கு உப்பு கட்டாயம். கொண்டுபோன கயிறு, கம்பி எதையும் அங்கே விட்டுவராதீர்கள். தயவுசெய்து தானம் பண்ணாதீர்கள்.

ஜனவரியில் நித்யா பள்ளிக்கூடத்துக்கு அந்த மானை வரைந்து கொண்டுபோனாள். காலைச் சுற்றி நீலக் கோடு. 'ரிப்பன் ரொம்ப அழகு!' என்று டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார்.

"யூ டெல் ஹெர், அப்பா" என்று தாளை என் கையில் கொடுத்தாள். நான் இன்னும் சொல்லவில்லை.